யோசுவா அத்தானின் பெருவிரல்

கல்யாண வீட்டில் யாருக்கு அதிகாரம் அதிகம் என்று கேட்டால் பெண்ணின் அப்பாவுக்கு என்று சொல்வீர்கள். அப்படியானால் எங்கள் யோசுவா அத்தான் படம் எடுக்கிற கல்யாணத்துக்கு நீங்கள் வந்ததில்லை என்று அர்த்தம். அவர் தலையசைத்தால்தான் மாலை கழுத்தில் விழும். அவர் விரல் காட்டினால்தான் கேக் துண்டு வாய்க்குள் போகும். நேமத்தில் ஒரு கல்யாணத்தில், மணப்பெண் கேக்கை விழுங்கப்போகிற நேரத்தில் வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி, வாய்க்குள் வைத்தபடியே அவளை நிற்கச் செய்தார். அந்தப் பெண்ணும் நின்றாள்.

எனக்கு அவர் அக்காள் சுசீலாபாயின் புருஷன். நான் செல்வமணி, அரசு பஸ்ஸில் கண்டக்டர். கிழக்கேகோட்டையில் என் பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரே, ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஸ்டூடியோ. இரண்டு டிரிப்புக்கு நடுவில் நான் படியேறிப் போய் அவருடைய ஃபேன் காற்றில் உட்காருவது வழக்கம். அதனால் அவருக்கு நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். அவர் சொல்லாமல் விட்டதை அக்காள் சொல்லிவிடுவாள்.

அத்தானுக்கு ஒரு கர்வம் உண்டு. மாலை மாற்றுவது, மோதிரம் போடுவது, கேக் ஊட்டுவது எல்லாவற்றையும் அவர் "ஒண்ணுகூடி" என்று சொல்லித் திரும்பச் செய்யவைப்பார். சிலரை மூன்று தடவை செய்யவைத்து, முதலில் எடுத்ததையே ஆல்பத்தில் போடுவார். தாலிக்கு மட்டும் அந்தப் பேச்சே கிடையாது. தாலி ஒருதடவைதான். அந்த நேரத்தில் அவர் யாரையும் அதட்டமாட்டார். முழங்காலில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று முடிச்சையும் வாங்கிவிடுவார். மாப்பிள்ளையின் முழங்கை மறைத்துவிட்டது, போதகரின் அங்கி மறைத்துவிட்டது என்கிற சாக்கெல்லாம் மற்ற ஸ்டூடியோக்காரர்களுக்கு. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு முடிச்சைக்கூட அவர் தவறவிட்டதில்லை. இதை அவரே நமக்குச் சொல்லுவார், நாம் கேட்க வேண்டியதில்லை.

அவரிடம் ஒரு டிஜிட்டல் காமிரா இருந்தது. அதன் முதுகில், வலதுகைப் பெருவிரல் வந்து உட்காருகிற இடத்தில் ஒரு பட்டன். அதற்கு என்ன வேலை கொடுப்பது என்பதை நாமே மெனுவுக்குள் போய்த் தீர்மானிக்கலாம். அத்தான் அதற்கு ஃபோகஸ் வேலையைக் கொடுத்திருந்தார். பெருவிரல் அழுத்தினால் முகம் தெளியும், சுட்டுவிரல் அழுத்தினால் படம் விழும். சொத்தைப் பாகம் பிரித்த மாதிரி இரண்டு விரலுக்கும் தகராறு இல்லாமல் பிரித்துக் கொடுத்துவிட்டார். நாளடைவில் அந்தப் பெருவிரலுக்கு இது சுபாவமாகவே ஆகிவிட்டது. எதையாவது உற்றுப் பார்த்தால் போதும், விரல் தானாக ஓர் அழுத்து அழுத்தும். சந்தையில் சாளை வாங்கப் போனால்கூட மீனைப் பார்த்துக்கொண்டே காற்றில் அழுத்துவார். மீன்காரி அதை விலை குறைக்கச் சொல்லும் ஜாடை என்று நினைத்துக் கோபித்துக்கொள்வாள்.

அந்தக் காமிராவை ஒரு கரண்டி பாயசம் கொன்றது. வித்துராவில் ஒரு கல்யாணச் சாப்பாடு. அத்தான் பந்திக்கு நடுவே குனிந்து, சம்பந்தி சாப்பிடுகிற அழகைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பாயசம் விளம்புகிறவர் பின்னால் வந்ததை அவர் பார்க்கவில்லை, அவர் குனிந்திருந்ததை விளம்புகிறவர் பார்க்கவில்லை. கரண்டியிலிருந்த அடைப்பிரதமன் காமிராவுக்குள் போய்விட்டது. ரிப்பேர்காரர் ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்து, உள்ளே எறும்பு இருக்கிறது, நல்ல மணமாகவும் இருக்கிறது, ஆனால் இனி ஓடாது என்று சொல்லிவிட்டார்.

அது நடந்தது தப்பான நேரம். அத்தானின் ஒரே மகள் ஆர்ஷாவுக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஜெயன் நெய்யாற்றின்கரைப் பையன், மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை. கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்தில் ஆர்ஷாவும் மஸ்கட் போய்விடுவாள். விசாவெல்லாம் தயார். அப்புறம் அந்த வீட்டில் அத்தானும் அக்காளும்தான் மிச்சம். அக்காள் அழவில்லை, நகை கேட்கவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பிள்ளை போயிருவா. அவளுக்குத் தாலி கெட்டுத படம் ஒண்ணு எனக்குச் செவுத்துல வேணும். பெருசா வேணும். நீங்க எடுத்ததா வேணும்."

அத்தான் சரி என்று சொல்லிவிட்டார். மற்றவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் எடுத்தவருக்கு, தன் பிள்ளைக்கு எடுப்பதில் என்ன கஷ்டம் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

அடுத்த வாரமே புதுக் காமிரா வந்தது. பழையதைவிடப் புதிய மாடல். திரை பெரிது, படம் பெரிது, எடை குறைவு. கடைக்காரர் எல்லாமே கூடுதல் என்று சொல்லித்தான் கொடுத்தார். அத்தான் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்து, எதிரே இருந்த என் முகத்தை உற்றுப் பார்த்தார். பெருவிரல் தன் வேலையைச் செய்தது. காமிராவில் ஒரு நீல விளக்கு எரிந்தது. பிரிண்டரை இணைக்கவும் என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது. அதை ரத்து செய்கிற வரைக்கும் படம் விழவில்லை.

விஷயம் இதுதான். பெருவிரல் உட்காருகிற அதே இடத்தில், புது மாடலில், பிரிண்டருக்கென்று ஒரு பட்டனை வைத்துவிட்டார்கள். சரி, மெனுவுக்குள் போய் அதன் வேலையை மாற்றிவிடலாம் என்று அத்தான் போனார். மாற்ற முடியாது. மொத்தக் காமிராவிலும் ஒரே ஒரு பட்டனைத்தான் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். அது முன்பக்கம், யார் கையும் எட்டாத ஒரு மூலையில் இருந்தது. அதற்கும் இரண்டே வேலைதான் கொடுக்கலாம். ஒன்று, படத்தின் அளவைக் காட்டுவது. மற்றது, சும்மா இருப்பது.

அத்தான் கையேட்டை ஆங்கிலத்தில் முழுக்கப் படித்தார். ஆங்கிலத்தில் எழுத மறந்துபோனது வேறு பாஷையில் இருக்குமோ என்று ஜெர்மன் பக்கங்களிலும் படம் படமாகப் பார்த்தார். பிறகு காமிராவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னிடம் கேட்க ஆரம்பித்தார். தாலி கட்டுகிற இடத்தில் எவனாவது பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு நிற்பானா? நின்றாலும் அதற்கு பிளக் எங்கே இருக்கிறது? இந்தப் பட்டனை இங்கே வைத்தவன் ஒரு கல்யாணத்துக்காவது போயிருப்பானா? நான் டிக்கெட் கிழிக்கிறவன். அந்தக் கம்பெனி முதலாளி நான்தான் என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டே அவர் பேசினார்.

சர்வீஸ் சென்டருக்குப் போகலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஜிஜி என்று ஒரு பெண், நல்ல பொறுமைசாலி. அத்தான் கதையைச் சொன்னார். பாயசத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். அவள் காமிராவை வாங்கி, பட்டனை அழுத்திப் பார்த்து, நீல விளக்கு எரிவதைப் பார்த்து, ரிப்பேர் ஒன்றும் இல்லை, நன்றாக வேலை செய்கிறது என்றாள். நன்றாக வேலை செய்வதுதான் பிரச்சினை என்றார் அத்தான்.

"சேட்டா, ஆ பட்டன் மாற்றான் பற்றில்லா. கம்பெனி அங்ஙனயாணு செய்திரிக்குன்னது," என்றாள் ஜிஜி மலையாளத்தில். மாற்ற முடியாது, கம்பெனி செய்ததே அப்படித்தானாம்.

"மோளே, ஒருத்தன் காசு குடுத்து வீடு வாங்கியிருக்கான். எந்த முறியில படுக்கணும்னு அவனுக்குச் சொல்லது ஆசாரியா?"

ஜிஜி யோசித்தாள். நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டாள். பிறகு, பழகினால் சரியாகிவிடும், ஃபோகஸையும் சுட்டுவிரலாலேயே செய்யலாமே, பெருவிரலைச் சும்மா வைத்திருக்க முடியாதா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். அத்தான் வெளியே வந்து என்னிடம், அந்தப் பெண் சொல்வது சுலபம், என் பெருவிரல் சும்மா இருக்கிற ஜாதி இல்லை என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லாற்றில் அது நிரூபணமானது. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடியை ஆற்றுப் பாறையில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு லீவு, கூடப் போயிருந்தேன். தண்ணீர் ஐஸ் மாதிரி. அத்தான் அவர்களைக் கணுக்கால் வரை தண்ணீரில் இறக்கி, பெண்ணின் தலையை இந்தப் பக்கம் சாய்த்து, மாப்பிள்ளையின் கையை அந்தப் பக்கம் வைத்து, சிரிக்கச் சொல்லி, உற்றுப் பார்த்தார். நீல விளக்கு எரிந்தது. ரத்து செய்து, மறுபடி உற்றுப் பார்த்தார். மறுபடி எரிந்தது. அவர்கள் பல் கிட்டிப்போய்ச் சிரித்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் மாப்பிள்ளைக்குக் கால் மரத்து, வழுக்கி, பட்டு வேட்டியோடு ஆற்றில் உட்கார்ந்துவிட்டார். ஆல்பத்தில் முதல் பக்கம் போட வேண்டிய காட்சி அது. அதையும் எடுக்க முடியவில்லை, காமிரா பிரிண்டர் கேட்டுக்கொண்டிருந்தது.

வேறு யாரிடமாவது பழைய மாடல் காமிராவை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினால் என்ன என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. அடுத்தவனின் பல்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு நீ இறைச்சி தின்பாயா என்றார். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர். அவர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம்தான் பெருவிரலைத் திருத்துகிற வேலை தொடங்கியது. அத்தான் அதைப் பிளாஸ்டர் போட்டு உள்ளங்கையோடு ஒட்டிவிட்டார். கட்டிப்போட்டால் புத்தி வரும் என்பது அவருடைய எண்ணம். பிளாஸ்டரோடு பெருவிரலைப் பார்த்த முத்தாரம்மாள், செருப்புக்கடை வாசலில் டீ போடுகிறவர், நகச்சுற்று என்று முடிவு கட்டி எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு அதற்குள் விரலைச் சொருகச் சொன்னார். விளக்கம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அத்தான் அதையும் சொருகிக்கொண்டு ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தார்.

இதைவிடப் பெரியதை அக்காள் செய்துவிட்டாள். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஆளாளுக்குத் தங்கள் விண்ணப்பத்தைச் சொன்னபோது, பட்டன் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், என் வீட்டுக்காரருக்குப் பெருவிரலில் ஒரு கஷ்டம், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டாள். அது போதகரின் காதுக்குப் போனது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவர் விண்ணப்பங்களை வாசித்தார். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, கடல் கடந்து வேலை செய்கிறவர்களுக்காக, படுக்கையில் இருக்கும் முதியோருக்காக, சகோதரர் யோசுவாவின் பெருவிரலுக்காக. சபை முழுவதும் தலை குனிந்தது. அத்தானும் குனிந்தார், வேறு என்ன செய்வார்?

அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆரஞ்சு வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்தார்கள். எந்தக் கணு வரைக்கும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று தணிந்த குரலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார் ஒருவர். செய்தி பாறசாலை போய்ச் சேர்ந்தபோது விரலை எடுத்தே விட்டார்கள். கல்யாணத்துக்குப் பதிவு செய்திருந்த ஒரு வீட்டிலிருந்து ஃபோன் செய்து, துக்கம் விசாரித்துவிட்டு, காமிராவை இனி எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேட்டார்கள். அத்தான் அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பெருவிரலைக் காட்டிவிட்டு வந்தார்.

இனித் தாங்காது என்று, போதகர் வீட்டுக்கு வந்தபோது அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். காமிராவை மடியில் வைத்து, அழுத்தி, நீல விளக்கையும் காட்டினார். போதகர் கொஞ்ச நேரம் விளக்கைப் பார்த்தார். வந்தது வந்தாயிற்று, ஜெபிக்காமல் எழுந்து போனால் நன்றாக இருக்காது. ஆகவே கண்ணை மூடி, கர்த்தாவே, இந்தக் காமிராவை உண்டாக்கினவர்களின் கடினமான இருதயங்களை நீர் இளகச் செய்யும் என்று நல்ல நீளமாகவே ஜெபித்தார். எனக்குச் சிரிப்பு வந்து, இருமுகிற மாதிரி செய்துகொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். அங்கே அக்காள் ஏற்கெனவே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. அது மேலேயிருந்து வந்ததா, கீழே செருப்புக்கடையிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. ஒரு ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் சின்னத் துண்டு வெட்டி, உள்பக்கத்தைக் குடைந்து, ஒரு மூடி மாதிரி செய்து, பட்டன்மேல் பசை போட்டு ஒட்டிவிட்டார். பெருவிரல் தன் ஆசைக்கு ரப்பரை அழுத்திக்கொள்ளும், உள்ளே இருக்கிற பட்டனுக்கு ஒன்றும் தெரியாது. ஃபோகஸைச் சுட்டுவிரல் பார்த்துக்கொள்ளும். அழுகிற பிள்ளையின் வாயில் ரப்பர் சூப்பானை வைக்கிற உபாயம்தான். ஆனால் வேலை செய்தது. அதை வைத்து இரண்டு மூன்று கல்யாணம் எடுத்தார், ஒரு குறையும் இல்லை. விலை கூடிய காமிராவின் முதுகில் நீலச் செருப்புத் துண்டு ஒட்டியிருப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார். எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆர்ஷாவின் கல்யாணம் மே மாதத்தில். ஆலயத்தில் நிற்க இடமில்லை. பாட்டு முடிவதற்குள் கரண்ட் போய் ஃபேன் எல்லாம் நின்றுவிட்டது. அத்தான் கோட்டும் டையும் போட்டு, ஆர்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார் என்று போதகர் கேட்டபோது, நான் என்று சொல்லி மகளின் கையைக் கொடுத்தார். கொடுத்த அடுத்த நிமிஷம், என் கையிலிருந்த காமிராவை வாங்கிக்கொண்டு, கோட்டோடு முழங்காலில் நின்றுவிட்டார். அழுவதற்குக்கூட அவருக்கு நேரமில்லை.

போதகர் தாலியை ஆசீர்வதித்துக் கொடுத்தார். ஜெயன் அதை ஆர்ஷாவின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தான். எங்கள் பக்கம் முதலில் நூலில்தான் கட்டுவது, கொஞ்ச நாள் கழித்துச் சங்கிலியில் கோத்துக்கொள்வார்கள். ஜெயன் முதல் முடிச்சைப் போட்டான். அத்தான் அழுத்தினார். நீல விளக்கு எரிந்தது.

அவர் பக்கத்தில் நின்ற எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. அந்தப் புழுக்கத்தில் பசை இளகி, ரப்பர் மூடி ஒரு பக்கமாக நகர்ந்து, அதன் விளிம்பு பட்டனை அழுத்தியபடியே சிக்கிக்கொண்டது. அவர் ரத்து செய்கிறார், காமிரா மறுபடி பிரிண்டர் கேட்கிறது. இரண்டாவது முடிச்சு விழுந்தது. ரத்து செய்தார், மறுபடி கேட்டது. வழக்கப்படி ஜெயனின் தங்கை குனிந்து மூன்றாவது முடிச்சை இறுக்கினாள். முடிந்துவிட்டது. ஒரு படம்கூட விழவில்லை. வீடியோக்காரன் எடுத்திருந்தான், அதைப் பற்றிச் சந்தேகமில்லை. ஆனால் அக்காள் கேட்டது சுவரில் மாட்டுகிற படம், அத்தான் எடுத்த படம்.

பாடகர் குழு எழுந்து நின்று வாயைத் திறந்த அந்த நேரத்தில் அத்தானின் குரல் கேட்டது. எத்தனையோ கல்யாணங்களில் கேட்ட அதே குரல்.

"மக்களே ஜெயன், அத அவுத்துட்டு மறுபடியும் கெட்டு. ஒண்ணுகூடி."

பெண்ணின் அப்பா. ஆலயத்தில். தாலியை அவிழ்க்கச் சொல்கிறார். கட்டி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜெயனின் அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, என்ன பிரச்சினை, இப்போதே சொல்லிவிடுங்கள் என்று மலையாளத்தில் கேட்டார். ஆர்ஷா தலையைக் குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. பிள்ளை அழுகிறாள் என்று நினைத்து எனக்கு அத்தான்மேல் அசாத்தியக் கோபம் வந்தது. பிறகு பார்த்தால் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். கட்டினதை அவிழ்ப்பதற்கு வழியில்லை என்றும், இடையில் அவிழ்ந்திருக்கிற அந்த நேரத்தில் இவர்கள் கல்யாணமானவர்களா ஆகாதவர்களா என்று யாராவது கேட்டால் தன்னிடம் பதில் இல்லை என்றும், கோபமில்லாமல்தான் சொன்னார்.

அத்தான் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை. காமிராவைத் தூக்கிக் காட்டினார். நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"பிள்ளை போயிரும் பாஸ்டரே," என்றார். "படம் விழல்ல."

அவர் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஜெயன் கெட்டிக்காரப் பையன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் போதகர் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டான்.

"பாஸ்டரே, அவுக்காண்டாம். கூடுதலா ஒரு முடிச்சு இட்டா குத்தம் உண்டா?"

போதகர் மேலே பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், பிறகு முழங்காலில் நிற்கிற அத்தானைப் பார்த்தார். மூன்றுக்குக் குறையக் கூடாது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன், கூடக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை என்றார்.

நான் குனிந்து, டிக்கெட் கிழிப்பதற்கென்று வளர்த்திருந்த நகத்தை விட்டு அந்த ரப்பர் துண்டை நெம்பி எடுத்தேன். நீல விளக்கு அணைந்தது. இப்போது பட்டன் திறந்து கிடக்கிறது, பெருவிரலோ அதன்மேல் துடித்துக்கொண்டிருக்கிறது. யோசிக்க நேரமில்லை. அத்தானின் பெருவிரலை என் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் முழங்காலில், நான் அவர் முதுகுக்குப் பின்னால் அரைக்குனிவில், நடுவில் அந்த விரல். கைக்குள் அது எத்தனை தடவை அழுத்தப் பார்த்தது என்று எனக்குத்தான் தெரியும். ஜெயன் நாலாவது முடிச்சைப் போட்டான். நிதானமாக, நன்றாக இறுக்கிப் போட்டான். படம் விழுந்தது.

பாடகர் குழு சிரிப்பில் சுருதி பிடிக்க முடியாமல் இரண்டு தடவை தொடங்கியது. ஜெயனின் அம்மா சாப்பாட்டுப் பந்தியில்தான் அத்தானிடம் பேசினார். பாயசம் ஊற்றுகிற ஆள் வந்தபோது காமிராவை மடியில் மறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கும் யாரோ கதையைச் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் படத்தை அக்காள் நடுவீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். தாலி கட்டுகிற படத்தில் பெண்கள் தலை குனிந்திருப்பார்கள். இதில் ஆர்ஷா வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஜெயனும் சிரிக்கிறான், போதகர் சிரிப்பை அடக்குகிறார். பின்வரிசையில் அக்காள் ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கிறாள். அத்தான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று நான் சொல்லுவேன், அவரிடம் சொல்லமாட்டேன். அவருக்குக் கர்வம் ஏற்கெனவே போதும்.

இதற்குப் பிறகு எங்கள் சபையில் ஒரு வேடிக்கை நடந்தது. அடுத்த கல்யாணத்தில் மணப்பெண் தனக்கும் நாலாவது முடிச்சு வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அதற்கடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளை கேட்டான். மூன்று முடிச்சு முடிந்ததும் போதகர் ஒரு பெருமூச்சு விட்டு அத்தான் பக்கம் பார்ப்பார். அத்தான் முழங்காலில் நின்று தலையசைப்பார். பெருவிரலைப் பிடிக்க நான் லீவு போட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. டிப்போவில் மேலதிகாரி காரணம் கேட்டால் கல்யாணம் என்று மட்டும்தான் சொல்கிறேன். முழுக்கச் சொன்னால் லீவு கிடைக்காது.

ஆர்ஷா மஸ்கட் போன அன்று விமான நிலையத்தில் அத்தான் படம் எடுக்கவில்லை. காமிரா தோளில்தான் தொங்கியது. அவள் உள்ளே போய் மறைந்த பிறகும் கண்ணாடிக் கதவை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரல் காற்றில் அழுத்திக்கொண்டே இருந்தது. நான் பிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே அவர்களுக்கு லீவு நாள், அவளிடமிருந்து ஃபோன் வந்தது. நானும் வீட்டில் இருந்தேன். தாலியைச் சங்கிலியில் கோத்துக்கொள்ளலாம் என்று நூலை எடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாவைக் கூப்பிடு என்றாளாம். அக்காள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

"அப்பா, மூணு முடிச்சும் தளந்துட்டு. நாலாவது மட்டும் அவுரல்ல. அவரு பல்லு வச்சுக் கடிச்சும் பாத்தாச்சு. கத்திரி வச்சு வெட்டட்டா?"

அத்தான் சுவரிலிருந்த படத்தை உற்றுப் பார்த்தார், பெருவிரல் காற்றில் ஓர் அழுத்து அழுத்தியது. லைன் போய்விட்டதோ என்று ஆர்ஷா இரண்டு தடவை அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள்.

"வேண்டாம் மக்களே," என்றார். "அவுக்காண்டாம். அது அங்கனேயே கெடக்கட்டும்."

அவிழ்க்கச் சொல்லி ஓர் ஆலயத்தையே நிறுத்தி வைத்த மனிதர், ஃபோனை அக்காளிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.